அந்தக் காரை யானை இடிக்கவில்லை

2022 அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நாடுகாணிச் சுரத்தில் என் ஆல்ட்டோ காரின் பின்பக்கத்தை நொறுக்கியது யானை இல்லை. நான்தான். செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்து, சாலையோரத் தடுப்புக்கல்லில் கொண்டுபோய் இடித்தேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் ஜீப் ஓட்டியவன் நான். கூடலூர், நாடுகாணி, தேவாலா, பந்தலூர் என்று ஆள் ஏற்றி இறக்கியே பிழைப்பு. சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் வரைக்கும் கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி, சாவுக்குப் போகிற சவாரி எல்லாம் போயிருக்கிறேன். 2019 ஆகஸ்ட் மழையில் சுரம் பிளந்து போக்குவரத்து நின்றதே, அதற்கு முந்தின நாள்கூட வண்டி இறக்கி ஏற்றியவன். “என் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்ப்போம்” என்று டீக்கடையில் உட்கார்ந்து சவால் விடுவேன். யாரும் கேட்காமலேயே விடுவேன்.

அதே 2019இல் என் மகன் லீவுக்கு வந்தபோது வீட்டு கேட்டில் உரசி, காரின் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டான். திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, “கண்ணாடி எதுக்குடா வச்சிருக்கான், தலை சீவவா?” என்று கத்தினேன். சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்போது அவனுக்கு வயது இருபத்தாறு. அதற்குப் பிறகு அந்த வண்டியை அவன் தொடவில்லை. ஊருக்கு வந்தால் பஸ்ஸில் வருவான், பஸ்ஸில் போவான்.

இந்த முன்கதை தெரிந்தால்தான் அந்த ராத்திரி என் வாயில் எப்படி அந்த வார்த்தை வந்தது என்று புரியும்.

நிலம்பூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் பத்து கிலோ அரிசிப் பை. சுரத்தின் மேல்வளைவுகளில் பனிமூட்டம். போன் அடித்தது. ஓரம் கட்டிப் பேச ஆரம்பித்தவன், பேச்சு முடிவதற்குள்ளேயே அவசரப்பட்டுப் பின்னால் எடுத்தேன். “டமார்” என்றுகூடச் சத்தம் வரவில்லை. பழைய தகர டப்பாவை மிதித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு நசுங்கல் சத்தம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்பர் நடுவில் உடைந்து தொங்கியது. அதற்குப் பின்னால், டிக்கிக்குக் கீழே இருக்கிற தகடு, பேக் பேனல் என்பார்கள், உள்ளே போய் மடிந்திருந்தது. இடது பக்க விளக்குக் கண்ணாடி சாலையில் சிவப்பாகக் கிடந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஐயையோ, என்னங்க ஆச்சு?” என்றாள்.

“யானை” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வாழை சாய்ந்ததா, யானை. வேலி விழுந்ததா, யானை. வேலைக்கு லேட்டா, வழியில் யானை. பாதிக்குமேல் உண்மையாகவே இருக்கும் என்பதால்தான் மீதியும் செல்லுபடியாகிறது. மனைவி உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டபோதாவது நான் நிறுத்தியிருக்கலாம். அவள் பார்வை பின்சீட்டில் இருந்த அரிசிப் பை மேல் விழுந்தது. “அரிசி வாசத்துக்கு வந்திருக்கும்” என்று அவளே சொன்னாள். நான், “ஆமா, அதான்” என்றேன்.

அந்தச் சமயத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் ஒரு மக்னா சுற்றிக்கொண்டிருந்தது. மக்னா என்றால் தந்தமில்லாத ஆண்யானை. வனத்துறைக் கணக்கில் அதன் பெயர் பி.எம்.2, பந்தலூர் மக்னா இரண்டு. வீட்டுச் சுவரை இடித்து அரிசியைத் தேடி எடுத்துத் தின்னும் என்பதால் ஊருக்குள் அரிசி ராஜா. ஆக, நான் போட்ட விதைக்கு மண் ஏற்கனவே பதமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடைக்குப் போனபோது, “அரிசி ராஜா உங்க காரை முட்டிடுச்சாமே” என்று அவர்களே எனக்குச் சொன்னார்கள். நான் தும்பிக்கையின் நீளத்தைக் கையால் காட்டினேன். வெட்கக்கேடு, ஆனால் காட்டினேன்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தம்பிக்குப் போன் போட்டது அடுத்த கூத்து. “அண்ணே, யானைன்னாலும் கிளைம் கிடைக்கும், நீங்களே இடிச்சிருந்தாலும் கிடைக்கும். ஃபுல் கவர்தானே? இதுல யானைக்குன்னு தனி கணக்கு ஒண்ணும் இல்ல” என்றான். எனக்கு வாய் அடைத்துப்போனது. பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை! அப்புறம் அவன் கணக்குச் சொன்னான். வண்டிக்கு ஒன்பது வயது. ஐந்திலிருந்து பத்து வருஷ வண்டி என்றால் இரும்புப் பாகத்தின் விலையில் 40 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பம்பர் மாதிரி பிளாஸ்டிக் என்றால் பாதி. வருஷக்கணக்கில் கிளைம் கேட்காமல் இருந்ததற்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் எனக்குக் கிடைத்துவந்த 50 சதவீதத் தள்ளுபடியும் அதோடு போய்விடும். “அப்போ வேண்டாம்பா” என்றேன். கணக்கு கட்டுப்படியாகவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். விபத்து எப்படி நடந்தது என்று பாரத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே என்பதுதான் உள்ளே இருந்த காரணம். யோக்கியன் என்பதால் கிளைம் போடாமல் விட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயந்து விட்டேன்.

வண்டியைக் கூடலூரில் எனக்குத் தெரிந்த டிங்கர் மேஸ்திரியிடம் விட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜீப் ஓட்டிய காலத்திலிருந்தே பழக்கம். அவர் சாமான்யமாகப் பேசமாட்டார். தகட்டை விரலால் தட்டித் தட்டிக் காதால் கேட்பார், டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி.

“அடிச்சு நிமித்திடலாமா மேஸ்திரி? மேல பட்டி போட்டு இழுத்துட்டா தெரியாதுல்ல?” என்றேன். செலவு மிச்சம் என்ற நினைப்பு.

“மடிஞ்ச தகடு நீண்டுபோயிருக்கும். அடிச்சு எடுத்தா நேரா நிக்காது, கையை வச்சா டப்பு டப்புன்னு உள்ள போய் வெளிய வரும். பட்டியை ரொட்டி கனத்துக்குப் போட்டா ரெண்டு மழைக்காலம் தாங்காது. நம்மூர் மழையில அடியில தண்ணி நின்னு துரு தின்னுடும். மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணுமே இருக்காது. பேனலையே மாத்திடலாம்.”

கோவை உக்கடத்தில் பழைய வண்டியில் வெட்டியெடுத்த பேனல் கிடைக்குமே என்றேன். “கிடைக்கும். அது எந்த வெள்ளத்துல நின்ன வண்டின்னு யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டுப் புதுசுக்கே ஆர்டர் கொடுத்தார்.

பேனல் வந்த அன்று நான் போயிருந்தேன். வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது என் பழக்கம். பையன்கள் பம்பரைக் கழற்றினார்கள், விளக்குகளைக் கழற்றினார்கள், ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்தார்கள். பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் டேங்க் பக்கம் தீப்பொறி போகாமல் ஈரச் சாக்கு போட்டார்கள். பம்பர் போனதும் பேக் பேனல் முழுசாகத் தெரிந்தது. மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடிப்பு ஆழமாக இருந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுரண்டினார். நகத்தில் வந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்த விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நகத்துக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு. என் வண்டி சில்வர் கலர்.

“இந்த யானைக்கு யாருங்க கறுப்பு வெள்ளை பெயிண்ட் அடிச்சது?” என்று கேட்டார்.

பையன்கள் கிரைண்டருக்கு ஒயர் தேடப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மடிப்பின் உயரத்தைத் தரையிலிருந்து கையால் அளந்து காட்டினார். ஒன்றரை அடிக்கும் கீழே. “யானை முட்டினா நெத்தியால தள்ளும். கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் சேர்ந்து சட்டி மாதிரி உள்ள போகும். நான் அப்படி ஒரு ஜீப்பு பார்த்திருக்கேன். இவ்ளோ கீழ, இவ்ளோ கூரா... குனிஞ்சு முழங்காலைப் போட்டா முட்டிச்சு?”

நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். “வெளியில சொல்லிடாதீங்க மேஸ்திரி.” அவர் அதை எடுத்து, திரும்பி வந்த பையனிடம் கொடுத்து, “சார் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித் தரச் சொல்றார்” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, இன்றுவரை.

அதற்கப்புறம் அவர் செய்த வேலையை நான் தலைகுனிந்தபடிதான் பார்த்தேன் என்றாலும், வேலை வேலைதான், சொல்லியாக வேண்டும். கம்பெனியில் தகடுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளிகளைத் தேடித் தேடி, மேல்தகடு மட்டும் விடுகிற ஆழத்துக்கு டிரில் போட்டார். கீழ்த்தகட்டில் ஓட்டை விழக் கூடாது. விழுந்தால் புதுப் பேனல் உட்கார இடமிருக்காது. எல்லாப் புள்ளியும் விட்டதும், பழைய தகடு ஒரு முனகலோடு கையில் வந்தது. ஸ்டெப்னி உட்காரும் தரைத்தகட்டின் ஓரமும் கொஞ்சம் நெளிந்திருந்ததால் அதைக் கட்டை வைத்துத் தட்டி நேராக்கினார். புதுப் பேனலைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினார். உடனே வெல்டிங் வைக்கவில்லை. டிக்கிக் கதவை மாட்டி மூடி, சுற்றிலும் உள்ள இடைவெளியில் ஒரு தீக்குச்சியைச் செருகி நகர்த்திக்கொண்டே போனார். இடது மூலையில் குச்சி சிக்கியது. கிளாம்பை அவிழ்த்து மறுபடி நிறுத்தினார். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை குச்சி ஒரே சீராக ஓடிய பிறகுதான் வெல்டிங் டார்ச்சைத் தொட்டார். அதுவும் ஒரே ஓட்டமாக இல்லை, இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு முறுக்கிக்கொள்ளுமாம். பிறகு கிரைண்டர், பிரைமர், மூட்டு இடுக்குகளில் தண்ணீர் புகாமல் இருக்கப் பசை.

பெயிண்ட் அடிக்கத்தான் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் வந்த ஒரு மதியத்தில் அடித்து முடித்தார். ஒன்பது வருஷம் வெயில் தின்ற சில்வருக்குப் பக்கத்தில் புது சில்வர் லேசாகத் தனித்துத் தெரிந்தது. இன்றும் காலை வெயிலில் நின்று பார்த்தால் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் சின்னப் பொய், சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை.

நவம்பரில் தேவாலாவை ஒட்டிய வாழவயலில் அந்த மக்னா ஒரு வீட்டை இடித்ததில் ஒரு பெண்மணி இறந்துபோனார். ஊரே கொதித்தது. யானையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று எல்லா ஊர்களிலும் குரல். எங்கள் பக்கத்திலும் நாலைந்து பேர் ஒரு மனுவோடு வீடு வீடாக வந்தார்கள். இடித்த வீடுகள், அழிந்த வாழை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அதில் ஒரு வரி: ஒரு கார். பக்கத்தில் என் பெயர். “நீங்கதான்ணே நேர்ல பார்த்தவரு, கண்டிப்பா போடணும்” என்றார்கள்.

போட்டேன். பேனா என் கையில் நடுங்கியதாக எல்லாம் இல்லை. நன்றாகவே எழுதியது.

என் கையெழுத்து இல்லாவிட்டாலும் அந்த யானையைப் பிடித்திருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது, இடிந்த வீடுகள் கண்முன்னே நின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் உண்மையில் இழந்தவர்கள். ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே ஓடியவர்கள். அவர்கள் வரிசையில் நானும் போய் நின்றுகொண்டேன். செய்ததிலேயே கேவலமானது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

டிசம்பர் 8ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். வீடியோ எல்லார் போனிலும் வந்தது. மனைவியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். பாதி மயக்கத்தில் நின்ற மக்னாவை லாரியில் ஏற்றுவதற்கு, கும்கி யானை பின்னாலிருந்து நெற்றியை வைத்துத் தள்ளியது. மேஸ்திரி சொன்னது அப்படியே கண்முன்னே நடந்தது. நெற்றியால், மெதுவாக, முழு எடையையும் கொடுத்து. ஒரு யானை பின்பக்கத்தில் தள்ளுவது எப்படி என்று அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“நம்ம காரை இடிச்சது இதுதானா?” என்று மனைவி கேட்டாள்.

“இதுதான்” என்றேன்.

கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கேரளத்தில் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் போய் நின்றது. ஜனவரி 9ஆம் தேதி அங்கேயும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து முத்தங்காவில் மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். செய்தி வந்த அன்று டீக்கடையில், “உங்க ஆளு உள்ள போயிட்டான்” என்று ஒருத்தர் என் தோளைத் தட்டினார்.

யானையைப் பற்றி நான் கேட்டு வளர்ந்தது வேறு. எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கை போட்டுப் பிரித்த ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரில் என் அப்பாவும் ஒருவர். இப்படித் தாயகம் திரும்பியவர்களைக் குடியமர்த்தத்தான் இந்தப் பக்கத்தில் அரசு, காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது, டேன்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம் வந்தது. எங்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. “இது நம்ம இடமில்ல, அதுங்க இடம், வழியில நின்னா ஒதுங்கிப் போ” என்று அப்பா சொல்வார். யானையைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடமாட்டார், பெரியவர் என்பார். அவர் மகன் நான்.

இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் வண்டியை விற்கலாம் என்று ஒரு ஆளை வரச்சொன்னேன். நிலம்பூர்க்காரர், விவரமானவர். டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உள்பக்க மூட்டில் விரலை ஓட்டினார். கம்பெனி வெல்டிங் புள்ளி குழியாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். கையால் வைத்தது கிரைண்டர் போட்டு மழுங்கி இருக்கும். “பின்னாடி பேனல் மாத்தினதா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற மனைவி தொடங்கிவிட்டாள். அரிசிப் பை, பனிமூட்டம், பிளிறல், நான் முருகா முருகா என்று கூப்பிட்டது, அது ஒரு நிமிஷம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் ஒருநாளும் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் என்னை நம்பி, சொல்லிச் சொல்லி, கதை அவளுக்குள் வளர்ந்திருக்கிறது. சொல்லும்போது அவள் கண் கலங்கியது. வந்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்போ அந்தப் புள்ளைகிட்ட சாவியைப் பிடுங்குனீங்களே?”

காலையில் மகனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “சரிப்பா” என்றான். கொஞ்சம் பொறுத்து, “வண்டியை விக்க வேண்டாம், பொங்கலுக்கு வர்றேன், நான் எடுத்துக்கறேன்” என்றான். நிலம்பூர்க்காரரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் மட்டும்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

மேஸ்திரியிடம் நேரில் போய்ச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது. மீதி இருப்பது ஊர். நாடுகாணியிலும் தேவாலாவிலும் அந்தக் கதையை என் வாயால் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள், கூடலூர் பஸ்ஸில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி மலைக்க வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இனிமேல் அதைச் சொல்லும்போது திருத்திச் சொல்லுங்கள்: மக்னா மேல் இருந்த கணக்கில் அந்த ஒரு காரை மட்டும் கழித்துவிட்டு, என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.